தமிழறியாத் தமிழ்ப்பட இயக்குநர்: எல்லிஸ் ஆர். டங்கன்

புகார் நகரத்துச் சோழ மன்னனின் மண்டபத்தைச் சமைத்த தொழில்வல்லாரைப் பற்றி மணிமேகலை பேசுகிறது. மகத நாட்டாரும் மராட்டரும் அவந்தி நாட்டுக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு கூடி அவ்வேலையைச் செய்தனர் என்பது சாத்தனார் தரும் செய்தி. மண்டபம் முடிந்தபின் அவர்கள் என்ன ஆனார்கள், புகாரிலேயே மனையமைத்துத் தங்கினரா, மரக்கலம் ஏறித் தம் நாடு திரும்பினரா என்பதைக் காவியம் சொல்லவில்லை. மண்டபத்தின் அழகைச் சொல்ல வந்த புலவருக்கு அது தேவைப்படவுமில்லை. ஆயினும், அயல்நாட்டுத் தொழில்வல்லான் ஒருவன் வந்த ஊரில் ஏன் தங்குகிறான், தங்கியவன் பின்னொரு நாள் ஏன் புறப்படுகிறான் என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் மீண்டும் எழுந்தது. அம்முறை எழுப்பப்பட்டது கல் மண்டபமன்று, தமிழ்த் திரைப்படம். வந்த தச்சர் அமெரிக்கர். பெயர் எல்லிஸ் ஆர். டங்கன்.

டங்கன் 1909ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் பார்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஒளிப்படக் கலையில் இளமையிலேயே நாட்டங்கொண்ட அவர், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலையை முறையாகப் பயின்றார். திரைப்படத்தை ஒரு பல்கலைக்கழகம் பாடமாகக் கற்பிப்பது அந்நாளில் உலகிற்கே புதுமை. அங்கு அவருடன் பயின்றவர்களுள் ஒருவர் மாணிக்லால் டாண்டன் என்னும் இந்திய இளைஞர்.

அந்தக் காலத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சி அமெரிக்காவை அலைக்கழித்துக் கொண்டிருந்தது. 1933இல் அந்நாட்டு உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தனர். ஹாலிவுட்டின் பெருநிறுவனங்களில் இயக்குநர் நாற்காலி, பட்டம் பெற்று வெளிவந்த இளைஞனுக்குக் கைக்கெட்டாக் கனி. இந்நிலையில் டாண்டன் தாய்நாடு திரும்பிப் படமெடுக்க முனைந்தபோது டங்கனையும், மைக்கேல் ஓமலெவ் என்னும் மற்றொரு வகுப்புத் தோழரையும் உடன் வருமாறு அழைத்தார். 1935இல் டங்கன் இந்திய மண்ணில் கால்வைத்தார். சில மாதங்கள் இருந்து பார்த்துத் திரும்பிவிடுவது என்பதே அவர் எண்ணம். அப்போது அவருக்கு வயது 25. ஓமலெவின் பெயர் தமிழ்த் திரைவரலாற்றில் நெடிது நிலைக்கவில்லை. டங்கனின் சில மாதங்களோ 15 ஆண்டுகளாக நீண்டன.

தமிழ் பேசும் படம் அப்போது நான்கு வயதுக் குழந்தை. 1931இல் காளிதாஸ் பம்பாயில் எடுக்கப்பட்டது. சென்னையில் படப்பிடிப்புக் கூடங்கள் அப்போதுதான் தோன்றிக்கொண்டிருந்தன. தமிழ்ப்படம் எடுக்க விரும்பியோர் நடிகர், பக்கவாத்தியக்காரர், சமையற்காரர் சகிதம் இரயிலேறிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ சென்றனர். டாண்டன் இயக்கிய பக்த நந்தனாரும் (1935) அவ்வாறு கல்கத்தாவில் உருவானதே. நந்தனாராக நடிக்கக் கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது என்னும் செய்தி அன்று நாடெங்கும் பேசப்பட்டது. அப்படத்தின் சில காட்சிகளை எடுப்பதில் டங்கன் நண்பருக்குத் துணை நின்றார். ஹூக்ளிக் கரையில் அந்தத் தமிழ்க் குழுவினரும் அவரைப் போலவே அயலார்தாம். ஊர்மொழி அறியாமலும், ஊர்ச் சோற்றுக்குப் பழகாமலும், வேலை ஒன்றையே உறவாகக் கொண்டும் வாழ்ந்த அத்தகைய கூடத்தில் அமெரிக்கர் ஒருவர் அந்நியராய்த் தனித்துத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கோவை மருதாசலம் செட்டியார் சதி லீலாவதியைப் படமாக்க முயன்றபோது டாண்டனை அணுகினார். டாண்டன் தமக்குப் பதிலாகத் தம் நண்பரைக் கைகாட்டினார். இங்குத்தான் டங்கன் தங்கியதன் முதற்காரணம் விளங்குகிறது. முன்பின் ஒரு முழுப்படமும் இயக்கியறியாத, தமிழில் ஒரு சொல்லும் தெரியாத இளைஞரிடம் தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர் ஒருவர் தம் முதல் முழுவதையும் ஒப்படைத்தார். சொந்த நாடு எளிதில் தந்திருக்க முடியாத வாய்ப்பு அது. தொழில்வல்லான் கூலிக்காகவே கடல் கடக்கிறான் என்பது பாதியுண்மை. தன் கைத்திறன் முழுதும் வேலை வாங்கப்படும் இடத்தை அவன் தேடுகிறான் என்பது மற்றப் பாதி.

1936இல் வெளிவந்த சதி லீலாவதி, எஸ்.எஸ். வாசன் எழுதி ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. மதுவால் சீரழியும் செல்வந்தன் ஒருவன், நண்பனைக் கொன்றுவிட்டதாக அஞ்சி இலங்கைக்கு ஓடி அங்குத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாய் உழன்று பின் மீள்கிறான். அக்காலத்தில் இலட்சக்கணக்கான தமிழர் இலங்கைத் தோட்டங்களில் பிழைப்புத் தேடி வாழ்ந்தனர். பிழைக்கப் போன தமிழனின் கதையைப் பிழைக்க வந்த அமெரிக்கர் படமாக்கினார். கதையும் ஒருவகையில் கடல் கடந்து வந்ததே. இதே சாயலில் அமைந்த பதிபக்தி நாடகத்தோடு உரிமை வழக்கு எழுந்தபோது, இரண்டிற்கும் மூலம் ஹென்றி உட் அம்மையார் எழுதிய டேன்ஸ்பரி ஹவுஸ் என்னும் ஆங்கில நாவல் என்பது வெளிப்பட்டது. எம்.கே. ராதா கதாநாயகராக நடித்த அப்படத்தில் எம்.ஜி. ராமச்சந்திரன் என்னும் 19 வயது இளைஞர் காவல் ஆய்வாளராகச் சிறுவேடம் ஏற்றுத் திரைக்கு அறிமுகமானார். என்.எஸ். கிருஷ்ணனுக்கும் டி.எஸ். பாலையாவுக்கும் அதுவே தொடக்கமாய் அமைந்தது.

டங்கன் கொண்டுவந்த மாற்றம் யாது? அதுவரை பெரும்பாலான தமிழ்ப்படங்கள் மேடை நாடகத்தை அப்படியே பதிவு செய்தன. காமிரா ஓரிடத்தில் நிற்கும். நடிகர் அதன் முன் வந்து பாடிவிட்டுப் போவர். டங்கன் காமிராவை நகர்த்தினார். முகத்தின் அருகே கொண்டு சென்றார். ஒவ்வொரு காட்சியையும் எப்படி எடுப்பது என்பதை முன்கூட்டியே தாளில் வரைந்து வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குச் சென்றார். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று உரக்கப் பேசிப் பழகிய நடிகருக்குத் தாழ்ந்த குரலும் சிறு விழியசைவும் போதும் என்று உணர்த்தினார். உரையாடலின் பொருளை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்வார். உச்சரிப்பையும் சொல்லோட்டத்தையும் தமிழறிந்த உதவியாளர்கள் பார்த்துக்கொள்வர். கண்ணால் காணத்தக்க அனைத்தும் அவர் பொறுப்பு. பேசும்படத்தில் பாதிச் செவியை இழந்தவர், அதனாலேயே கண்ணைக் கூர்மையாக்கிக் கொண்டார் எனலாம்.

இவ்வாறு மொழியறியாத ஒருவரின் கைக்குத் தமிழ்க் கவிஞர்களின் கதைகளே அடுத்தடுத்து வந்து சேர்ந்தமை வியப்புக்குரியது. கவிதையன்பர்கள் அவர் வாழ்வில் ஊன்றிக் காணவேண்டிய பகுதியும் இதுவே. 1937இல் சேலம் சங்கர் பிலிம்ஸாருக்காக அவர் இயக்கிய அம்பிகாபதி, கம்பர் மகனின் காதலையும் சாவையும் பேசுவது. எம்.கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாகவும் எம்.ஆர். சந்தானலட்சுமி அமராவதியாகவும் நடித்தனர். கல்கத்தாவில் உருவான இப்படத்துக்கு உரையாடல் எழுதியவர் இளங்கோவன். தணிகாசலம் என்ற இயற்பெயருடைய அவர் மணிக்கொடிக் குழுவோடு தொடர்புடையவர். இதழியலிலிருந்து திரைக்கு வந்தவர். காதற் காட்சிகளை எழுதுமுன் சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட்டைப் படித்துப் பார்க்குமாறு டங்கன் அவருக்கு அறிவுறுத்தினார். இளங்கோவன் அதைப் படித்தார். ஆனால் எழுதியது தமிழ். கொச்சையும் மணிப்பிரவாளமும் கலந்து கிடந்த திரைப்பேச்சு, அப்படத்தோடு இலக்கிய நடைக்கு ஏறியது. தமிழ்த் திரையுரையாடலுக்கு ஓர் எழுத்தாளன் தேவை என்பதை நிலைநாட்டிய படத்தை, அவ்வுரையாடலில் ஒரு தொடரும் தாமாகப் புரிந்துகொள்ள இயலாத ஒருவர் இயக்கினார். படம் ஓராண்டு காலம் ஓடிப் பெரும்புகழ் ஈட்டியது. காதலர் நெருக்கம் மரபுக்கு மாறானது என்ற கண்டனமும் கூடவே எழுந்தது.

அடுத்துக் காளமேகம் (1940). சிலேடைப் புலவராக நாகசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை நடித்தார். எழுத்துப் பணியில் பாரதிதாசன் பங்கு கொண்டார். இத்துணைப் பெரியோர் கூடியும் படம் வெற்றி பெறவில்லை. காரணம் பலவாகலாம். ஆனால் காளமேகத்தின் உயிர் சிலேடையில் அல்லவா இருக்கிறது? ஒரு சொல் இருபொருள் தரும் கணத்தில் அவையோர் முகம் மலர்வதைக் காமிரா பிடிக்கலாம். அம்மலர்ச்சி எந்தக் கணத்தில் நிகழும் என்பதைச் செவி அன்றோ சொல்லவேண்டும். அம்பிகாபதியின் காதல் எம்மொழியார்க்கும் பொது. காளமேகத்தின் சிலேடை தமிழுக்கே உரியது. டங்கனின் எல்லை இவ்விரு படங்களுக்கும் இடையே எங்கோ அமைந்திருந்தது என்று கொள்வது பிழையாகாது.

அதே 1940இல் வந்த சகுந்தலை அவருக்கு மீண்டும் வெற்றி தந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாகவும் ஜி.என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாகவும் நடித்த அப்படத்தைச் சதாசிவம் தயாரித்தார். அந்த நட்பு 1945இல் மீராவாகக் கனிந்தது. எம்.எஸ்ஸின் முகத்தைப் போன்ற சுண்ணச் சிலையொன்றைச் செய்துவைத்து, எக்கோணத்தில் எவ்வாறு ஒளி பட்டால் அம்முகத்தில் பக்தி துலங்கும் என்பதை டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் நாட்கணக்கில் ஆராய்ந்தனர். படப்பிடிப்புக்காகக் குழுவினர் இராஜபுதனம் வரை சென்றனர்; உதயப்பூர் மன்னர் உதவி புரிந்தார். சிறுமி மீராவாகச் சதாசிவத்தின் மகள் ராதா பாடத் தொடங்கி, பாட்டு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே அவள் வளர்ந்து எம்.எஸ். ஆகிவிடும் காட்சி தமிழ்த் திரையின் நிலைத்த பேறுகளுள் ஒன்று. கல்கியின் பாடல்களும் எஸ்.வி. வெங்கட்ராமனின் இசையும் அப்படத்தில் இயைந்தன. 1947இல் இந்தி வடிவம் வெளிவந்தபோது சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்ஸை வடநாட்டார்க்கு அறிமுகம் செய்தார். பக்தியைப் படமாக்கப் பக்தனாக இருக்கவேண்டுமா, மொழியைப் படமாக்க மொழியறிந்திருக்க வேண்டுமா என்று கேட்போர் மீராவைப் பார்த்தபின் சற்றுத் தயங்கவே செய்வர்.

இடையில் உலகப்போர் குறுக்கிட்டது. அயல்நாட்டுத் தொழில்வல்லான் தங்குவதும் போவதும் பல வேளைகளில் அவன் விருப்பத்தைப் பொறுத்தன்று, அவன் கடவுச்சீட்டைப் பொறுத்தது என்பதைப் போர் காட்டியது. பம்பாய் டாக்கீசில் ஹிமான்சு ராயின் அழைப்பை ஏற்றுப் பணியாற்றிய செருமானியர் பலர். அச்சூத் கன்யா (1936) படத்தை இயக்கிய பிரான்சு ஆஸ்டனும் ஒளிப்பதிவாளர் யோசப் விர்ஷிங்கும் 1939இல் போர் மூண்டதும் பகைநாட்டார் என்று காவலில் வைக்கப்பட்டனர். ஆஸ்டன் பின்னர் நாடு திரும்பினார். விர்ஷிங்கோ காவலிலிருந்து மீண்டபின்னும் இந்தியாவை விட்டு நீங்கவில்லை. மஹல் (1949) படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, பாக்கீசா முடியுமுன்னே 1967இல் இந்திய மண்ணிலேயே மறைந்தார். டங்கன் அமெரிக்கர் ஆதலின் அவருக்கு இடையூறு நேரவில்லை. மாறாக, போர்க்காலத்தில் சென்னை மாகாண அரசுக்காக ஒளிப்படமும் செய்திப்படமும் எடுக்கும் பணி அவரைத் தேடி வந்தது. அவருடைய திறமை மூவருள்ளும் மிகுந்தது என்பதனால் அன்று. பிறந்த நாடு வேறு என்பதனாலேயே.

போருக்குப்பின் அவரை அழைத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம். இருவர் வாழ்வும் எதிரெதிர்த் திசையில் ஓடிவந்து சந்தித்தவை. சுந்தரம் இங்கிலாந்தின் லீட்சு நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். ஆங்கில மங்கையை மணந்தவர். அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்து, கற்ற தொழிலை விட்டு, ஏற்காட்டு மலையடியில் ஒரு படத்தொழிற்சாலையை நிறுவினார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பழகிக் கடல் கடந்து சென்ற பிள்ளைகளை உடைய மண்ணூர்பேட்டை வீடுகளில் இவ்விருவர் கதையும் விளக்கமின்றியே புரியும். ஒரு மகன் வளைகுடாவில் இருந்து ஒப்பந்தம் முடிந்ததும் வந்து சொந்தப் பட்டறை வைப்பான். மற்றொருவன் அடுத்த ஒப்பந்தம், அதற்கடுத்த ஒப்பந்தம் என்று இருந்துவிடுவான். இருவரையும் வளர்த்தது ஒரே வீடுதான்.

மாடர்ன் தியேட்டர்ஸுக்காக டங்கன் இயக்கிய இரு படங்களும் 1950இல் வெளிவந்தன. இரண்டும் இலக்கிய வழி வந்தவை. பொன்முடி, பாரதிதாசனின் எதிர்பாராத முத்தம் என்னும் காவியத்தைத் தழுவியது. பி.வி. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் நடித்த காதற் காட்சிகளின் நெருக்கம், அம்பிகாபதி காலத்துக் கண்டனத்தை மீண்டும் உயிர்ப்பித்தது. காவியத்தின் தலைப்பே முத்தத்தைச் சொல்லும்போது இயக்குநரை மட்டும் குறைகூறுவது எவ்வாறு பொருந்தும் என்பது எண்ணத்தக்கது. மற்றொன்று மந்திரிகுமாரி. சில பாடல்களே எஞ்சிய குண்டலகேசியின் கதையை மு. கருணாநிதி நாடகமாக்கியிருந்தார், திரைக்கும் அவரே உரையாடல் எழுதினார். எம்.ஜி. ராமச்சந்திரன் அதன் கதாநாயகருள் ஒருவர். 14 ஆண்டுகளுக்கு முன் தம் கையால் திரைக்கு வந்த காவல் ஆய்வாளரை டங்கன் தம் கடைசித் தமிழ்ப்படத்தில் மீண்டும் இயக்கினார். எழுதியவரும் நடித்தவரும் பின்னாளில் இத்தமிழ்நாட்டின் முதலமைச்சர்கள் ஆயினர்.

அப்படம் முடியுமுன் டங்கன் அமெரிக்கா புறப்பட்டார். எஞ்சிய பகுதியைச் சுந்தரம் எடுத்து முடித்தார். இயக்குநர் என்று இருவர் பெயரும் இடம்பெற்றன.

ஏன் புறப்பட்டார்? அவரை யாரும் வெளியேற்றவில்லை. கையில் படமில்லாமலும் இல்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற நிறுவனம் அவரை விடவும் விரும்பவில்லை. இல்லறத்தில் நேர்ந்த முறிவு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. தொழில்வல்லாரின் வரவையும் போக்கையும் சம்பளத்தால் மட்டும் அளப்போர் காணாது விடுவது இதைத்தான். பிறந்த மண்ணில் முதுமை எய்தும் பெற்றோர், ஒட்டாத மணவாழ்வு, பிள்ளைகளின் பள்ளி என்று வீட்டுக்குள் நிகழ்பவையே பெரும்பாலும் கப்பற்சீட்டை வாங்கச் செய்கின்றன.

ஆயினும் தமிழ்த் திரையின் போக்கிலும் ஒரு காரணம் தென்படுகிறது. 1935இல் தமிழ்ப்படத்துக்கு வேண்டியிருந்தது காமிராவை நகர்த்தத் தெரிந்த ஒருவர். 1950இல் அவ்வித்தையைத் தமிழர் பலர் கற்றுத் தேர்ந்துவிட்டனர். அவ்வாறு கற்பித்தவர்களுள் டங்கனும் ஒருவர். மேலும், வேலைக்காரி, மந்திரிகுமாரி வழியே திரையில் சொல்லின் ஆட்சி தொடங்கிவிட்டது. அடுக்குமொழிக்காகக் கைதட்டல் எழும் கொட்டகையில், கைதட்டல் ஏன் எழுந்தது என்று மற்றொருவரைக் கேட்டறிய வேண்டிய இயக்குநரின் நிலை எளிதன்று. இளங்கோவன் வழியே எந்த உரைநடைக்கு அவர் கதவு திறந்துவிட்டாரோ, அது வளர்ந்து அவரையே வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

இங்கு வீரமாமுனிவரையும் போப்பையும் நினையாதிருக்க முடியவில்லை. முன்னவர் தமிழ் கற்றுக் காவியம் பாடி இந்நாட்டிலேயே மறைந்தார். பின்னவரும் தமிழில் தோய்ந்தவரே. ஆயினும் இங்கிலாந்து திரும்பி, ஆக்சுபோர்டில் இருந்தவாறு குறளையும் திருவாசகத்தையும் மொழிபெயர்த்து 1908இல் அங்கேயே உயிர்நீத்தார். ஆகவே, மொழி கற்றவன் தங்குவான், கல்லாதவன் போவான் என்று விதி செய்ய வழியில்லை. போப் போனபோது தமிழையும் உடன் கொண்டுபோனார். டங்கன் கொண்டுபோனது வேறு.

அது காடு. இந்தியாவின் யானைகளையும் புலிகளையும் அவற்றைப் பழக்குவோரையும் நன்கறிந்த அமெரிக்கத் திரைத்தொழிலர் என்னும் தகுதி தாய்நாட்டில் அவருக்குக் கிட்டியது. மாடர்ன் தியேட்டர்ஸாரும் அமெரிக்கரும் கூட்டாக எடுத்த தி ஜங்கிள் (1952) படத்தில் அவர் பங்கேற்றார். அது காடு என்று தமிழிலும் வந்தது. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஹாரி பிளாக் (1958), டார்ஜான் கோஸ் டு இந்தியா (1962) ஆகியவற்றிலும் பணியாற்றினார். பதினைந்து ஆண்டுக் காலம் கவிஞரையும் காதலரையும் படம்பிடித்தவரை அவர் நாடு யானைகளுக்காக அழைத்தது. பிறகு மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் நிலைத்து, ஆவணப்படங்கள் எடுத்து வாழ்ந்தார். பிறந்த பார்ட்டன் அங்கிருந்து அணித்தே, ஒகாயோ ஆற்றின் மறுகரைப் பகுதியில் உள்ளது.

1990களில் முதியவராகச் சென்னைக்கு வந்த அவரைத் தமிழ்த் திரையுலகம் வரவேற்றுப் பாராட்டியது. அவர் அறிமுகம் செய்த எம்.ஜி.ஆர். 1987இலேயே மறைந்திருந்தார். என்.எஸ். கிருஷ்ணனும் பாலையாவும் பாகவதரும் இளங்கோவனும் இல்லை. எம்.எஸ். இருந்தார். மீராவுக்குப்பின் அவர் வேறெந்தப் படத்திலும் நடிக்கவில்லை. தமிழ்ப் பாராட்டுரைகளை, 1935இல் போலவே, பிறர் ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டே டங்கன் அறிந்திருப்பார்.

2001ஆம் ஆண்டில் அவர்தம் தன்வரலாற்று நூல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், 92ஆம் வயதில், வீலிங்கில் டங்கன் காலமானார். 2013இல் கரண் பாலி என்பவர் அவர் வாழ்வை ஆவணப்படமாக்கினார். சென்னையில் ஓர் அமெரிக்கர் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார்.